வெள்ளை மூடி

இரண்டும் ஒரே உயரம்.
இரண்டுக்கும் வெள்ளை மூடி, சொட்டுவிடும் மூக்கு.
சொகோட்டோவிலிருந்து ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன,
ஒரே தட்டில் அடுக்கினேன்.
இடமில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.
இடம் இருந்தது.

சகாராவின் தூசு இறங்கும் மாதம்.
குவாடபாவாவில் அப்போது எல்லோருக்கும் கண் சிவப்பு,
ஆடுகளுக்கும்.
வெங்காய லாரியை ஓரங்கட்டிவிட்டு லவாலி வந்தான்.
பிள்ளை பிறந்து இரண்டு நாள்,
தொப்புளுக்கு ஒன்று கொடு என்றான்.
இமை ஒட்டிக்கொள்கிறது, கண்ணுக்கும் ஒன்று.
அவனுக்குப் பின்னால் நான்கு பேர்
காசை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.
கண்ணை மூடிக்கொண்டு விற்றேன்.
பேச்சுக்குச் சொல்வார்களே, அப்படி.

தொப்புள் மருந்து நல்ல மருந்து.
அதைக் குறை சொல்ல மாட்டேன்.
கையைச் சோப்புப் போட்டுக் கழுவி
கொடியின் நுனியிலும் அடியிலும் சுற்றிலும் தடவி
அப்படியே காயவிட்டால்,
சாணமும் சாம்பலும் அழைத்துவந்த சாவை
வாசலிலேயே நிறுத்திவிடும்.
தோலின் மேல் நின்று காவல் காக்கிற சரக்கு அது.
கருவிழிக்குத் தோல் கிடையாது.

ஐந்தாம் நாள் இரவு, மின்சாரம் இல்லை.
சுவைரா தூங்கட்டும் என்று
லவாலியே எழுந்தான்.
பட்டன் போனின் விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு
இடது கண்ணில் இரண்டு சொட்டு.
பிள்ளை கத்தியது.
பசிக் கத்தல் இல்லை என்று
தூக்கத்துக்குள்ளேயே தாய்க்குத் தெரிந்துவிட்டது.
வலது கண்ணுக்குப் போன கை
அந்தரத்தில் நின்றது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
குடிக்க வைத்திருந்த தண்ணீரை இழுத்து
சின்னத் தலையைச் சாய்த்து
இமையை விரலால் விரித்து
ஊற்றினாள், ஊற்றினாள்,
குடம் தரையில் உருளும்வரை.
பிறகு அடுத்த வீட்டுக் குடம்.
மோட்டார் சைக்கிளில் அவர்கள் பறந்தபோது
என் கடையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.
நாய் குரைத்தது.
நான் புரண்டு படுத்தேன்.

கண் பிரிவின் செவிலி தலாட்டு மறுநாள் போனில் பேசினாள்,
துளி கோபமில்லாமல். அதைத்தான் தாங்க முடியவில்லை.
உடனே கழுவியதால் மிச்சம் இருக்கிறது, என்றாள்.
எவ்வளவு என்று போகப்போகத்தான் தெரியும்.
பச்சைக் குழந்தைக்குக் கண் ஒட்டினால்
குப்பி விற்காதே, இங்கே அனுப்பு.
வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் வீட்டில் கிடா வெட்டினார்கள்.
இமாம் பெயரைச் சொன்னார்: ஹிந்தாத்து.
பெயருக்கு உரியவள் அங்கே இல்லை.
கறிச்சோறு எனக்கும் வந்தது.

அன்று மாலை கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
அந்த மாதம் அதே குப்பி வாங்கியவர்கள்
பதினோரு வீடு.
சைக்கிளில் போனேன், என் மனைவியின் சிவப்பு நூலோடு.
குப்பியின் கழுத்தில் மூன்று சுற்று, ஒரு முடிச்சு,
இருட்டிலும் விரலுக்கு இடறட்டும் என்று.
ஒரு வீட்டில் காது மருந்தோடு கிடந்தது.
ஒரு வீட்டில் மருந்து தீர்ந்து
காலிக் குப்பியில் கண்மை நிரப்பியிருந்தாள் ஒருத்தி,
விழாவுக்குப் போவதற்காக.
காசு கொடுத்து வாங்கி, உடைத்துப் புதைத்தேன்.
பைத்தியமா என்றாள்.

இப்போது களிம்பு ட்யூப்தான் வரவழைக்கிறேன்.
அதுவும் கண் களிம்பின் கூடப்பிறந்தது போலத்தான் இருக்கிறது.
வேறு சுவரில் வைத்திருக்கிறேன்.
தலைவலி மாத்திரைக்கு வருகிறவனிடமும்
யாருக்கு, எங்கே என்று கேட்கிறேன்.
சிரிக்கிறார்கள்.

ஹிந்தாத்துவுக்கு நான்கு மாதம்.
லவாலி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு
கடைக்கு வருவான், எதுவும் வாங்க மாட்டான்.
வலப்பக்கம் வெங்காயத்தாளை ஆட்டினால்
எட்டிப் பிடிக்கிறாள்.
இடப்பக்கம் ஆட்டும்போது
அவன் பிள்ளையைப் பார்ப்பதில்லை,
என்னைப் பார்க்கிறான்.