மிஷின் சூடாகட்டும்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
என் கடைக்குக் கூட்டம்.
கூட்ஸ் வண்டி நகரும்வரை
வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள்
நின்ற நிலைக்கு ஏதாவது ஒன்றை
ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள்.
ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ்,
அடகு ரசீது.

இந்த மாசி முழுக்க வந்தது
கத்தார் கடிதம்.
ஒரே பக்கம். மேலே பருந்துப் படம்.
வெல்டர். மாதம் தொண்ணூறாயிரம்.
சாப்பாடு, ரூம், ஏசி பஸ்.
முதல் காப்பி மகிமைராஜுக்கு.
அடுத்தது தண்டையார்பேட்டை ஜலீல்.
மூன்றாவது ஆளின் பெயர் மறந்துவிட்டது,
அவன் பையிலிருந்த இறால் வாசனை மட்டும்
சாயங்காலம்வரை கண்ணாடிமேல் இருந்தது.

நாலாவதை
என் வீட்டுக்காரர் கொண்டுவந்தார்.

டில்லிபாபு. மணலியில் ஒப்பந்தக் கூலி.
பதினாலு வருஷம் தீப்பொறி பார்த்த கண்.
"அஞ்சு காப்பி" என்றார்,
கடைக்கு வந்த ஆள் மாதிரி.
பத்து ரூபாயும் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

ஆறாவதாக ஒன்று எனக்கென்று எடுத்து
ஜலீல் மறந்துவிட்டுப் போன காப்பியை
அதன்மேல் வைத்து
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கையெழுத்தின்மேல் கையெழுத்து
முடி பிசகாமல் உட்கார்ந்தது.
வாலில் ஒரு மைப்பொட்டு.
அந்தப் பொட்டும் பொட்டின்மேல்.

நானே ஒருநாளைக்கு இருபது தடவை
பில்லில் கையெழுத்துப் போடுகிறேன்,
ஒன்றைப்போல் ஒன்று வந்ததில்லை.
ஒரே மாதிரி போடத் தெரிந்த கை
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
அது என் பக்கத்தில்
பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருக்கிறது.

ராத்திரி சொன்னேன்.
"நீ படிச்சிக்கினே இரு, ப்ளேன் பூடும்."
பதினெட்டாயிரம் தள்ளி
ஏலத்தில் எடுத்த சீட்டுப் பணம்
அரிசி டப்பாவில் இருந்தது.
அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை,
தோசை வாங்கி வந்தோம்.

மறுநாள் மண்ணடி.
மூன்றாவது மாடி, பிளாஸ்டிக் ரோஜா.
மேஜைக்காரன் எனக்கு மோர் கொடுத்தான்.
லைசென்ஸ் நம்பர் கேட்டேன்.
சுவரைக் காட்டினான்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
"விசா வேலைக்கா, சுத்திப் பாக்கறதுக்கா?"
"அங்க போயி மாத்திக்கலாம்மா."
"பணத்துக்கு ரசீது?"
"நம்பிக்கைதாம்மா தொழிலே."
மோர் நன்றாகத்தான் இருந்தது.

அரசாங்கப் பட்டியலில் தேடினால்
அந்த நம்பர்
ஏதோ ஒரு வடநாட்டு ஊரில்
எப்போதோ மூடிய கம்பெனியுடையது.
டில்லிபாபு ஒன்றும் பேசவில்லை.
பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
என் கையைத் திருப்பி
வியர்வையில் கரையும் இலக்கங்களை
மறுபடி ஒருமுறை வாசித்தார்.

இப்போது வேறொரு கடிதம்.
நம்பர் பொருந்துகிறது.
ஏழு பக்கம்.
சம்பளம் நாற்பத்திரண்டாயிரம், சுமார்தான்.
ஓவர்டைம் எத்தனை மணிக்குமேல்,
பாஸ்போர்ட் யார் கையில்,
பாதியில் திரும்பினால் டிக்கெட் யாருடையது,
எல்லாவற்றுக்கும் ஒரு வரி.
ஆறாம் பக்கத்தில்:
தொழிலாளி இறக்க நேர்ந்தால்
உடலை ஊருக்கு அனுப்பும் செலவு
நிறுவனத்தைச் சேர்ந்தது.

பருந்துக் கடிதத்தில்
யாருமே சாகவில்லை.

இந்த வரியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.
இதே வரியில்தான் தூக்கம் போனது.
அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
பேனா ஃபிரிட்ஜ்மேல் கிடக்கிறது,
இரண்டு பேரும் தொடாமல்
தூசி தட்டுகிறோம்.

கேட் மூடுகிறது.
புதுச் சட்டை போட்ட ஒரு பையன்.
"அக்கா, அஞ்சு காப்பி, அர்ஜென்ட்."
பருந்து.

காலை எட்டு மணியிலிருந்து
கொதித்துக்கொண்டிருக்கிற மிஷினைத்
தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்:
"சூடாவணும்ப்பா, பத்து நிமிஷம்.
அதுவரைக்கும் அத ஒரு தபா படி."

ஸ்டூலை நகர்த்திப் போடுகிறேன்.
ஜலீலின் தாளையும்
பார்க்காததுபோல் பக்கத்தில் வைக்கிறேன்.
கூட்ஸ் வண்டி நல்ல நீளம்.
பெட்டிகளை எண்ண ஆரம்பிக்கிறேன்.