நீலக் கிளிப்

தீபாவளிப் படத்துக்கு
ஜூன் மாதத்திலேயே சிரித்தாக வேண்டும்.

பண்டார் தாசிக் செலாத்தானில் பதினொன்றே கால் பஸ்.
மடியில் ஏழு ரவிக்கை,
காலடியில் வளையல் பெட்டி.
சன்னலில் சாய்ந்து கன்னத்தில் கோடு விழுந்தால்
சுராயா திட்டுவாள்.
ஈப்போ தாண்டும்வரை
நிமிர்ந்தே தூங்கினேன்,
கடைவாசல் பொம்மைக்குத் தூக்கம் வந்ததுபோல.

சுங்கை நிபோங், நாலரை மணி.
கெங் ஹுவாட் வேனை அணைக்காமல் நிற்கிறார்.
'வெளிச்சம் நமக்காக நிக்காது'
என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

பெட்ரோல் நிலையக் கழிப்பறையில்
ஈரத்தரை தொடாமல் ஆறு கஜப் பட்டு.
முந்தானையைப் பல்லில் கடித்து
மடிப்பெடுக்கும்போது
கதவைத் தட்டி யாரோ மலாயில் கேட்கிறார்,
உள்ளே ஆள் இருக்கா?
இருக்கு.
அரை ஆள்.

சுராயாவின் பெட்டியில் இருபத்திரண்டு நிறம்.
என் நிறம் இரண்டைக் குழைத்தால்தான் வரும்.
முன்பு வந்தவர்கள் ஏதோ ஒன்றைப் பூசிவிட்டுப் போனார்கள்;
சுவரொட்டியில் என் முகமும் கழுத்தும்
வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.
இவளோ தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கிறாள்,
சம்பலுக்கு உப்புப் பார்க்கிற மாதிரி,
வேன் விளக்கடியில்,
அவசரமே இல்லாமல்.

பிறகு அந்த மரப் படகுத்துறை.
பலகை இடுக்கில் கடல் கறுப்பாய் மூச்சு விடுகிறது.
முன்னால் பார்த்தால்
அளவெடுத்துத் தைத்த ரவிக்கை,
பின்னால் ஒன்பது துணிக்கிளிப்.
காலில் ரப்பர் சிலிப்பர்;
படம் முழங்காலோடு முடிந்துவிடும்.

தாடையை இறக்கு.
தோளைக் கடலுக்குக் கொடு.
கண்ணால் சிரி, வாய் வேண்டாம்.

ஏழு மணி.
எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் பின்னாலிருந்து
அது வந்தது.
பட்டில் இருந்த கடுகு நிறம்
அப்போதுதான் கடுகு நிறம் ஆனது.
அதே நேரம் காற்றும் வந்தது.
ஒரு கிளிப் தெறித்து
இடுக்கில் விழுந்து கடலுக்குப் போனது.
ரவிக்கை தொளதொளத்தது.
கெங் ஹுவாட் ஹொக்கியனில் ஏதோ சொன்னார்,
அர்த்தம் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் துணி காயப்போட வந்த சீன அம்மாள்
என் முதுகைப் பார்த்தார்.
தன் கொடியைப் பார்த்தார்.
நனைந்த ஒரு கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
அதிலிருந்த நீலக் கிளிப்பை எடுத்து
என் முதுகில் மாட்டிவிட்டு
ஒரு தட்டுத் தட்டினார்,
போ என்று.

வாயாலும் சிரித்துவிட்டேன்.
அந்த ஒரு படம்தான், என்றார் கெங் ஹுவாட்,
மீதி நூற்று எண்பதும் சும்மா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெயில்.
பத்து ஃபெரிங்கி மணலில் வெல்வெட்.
சுராயா டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி
என் நெற்றி தேய்ந்ததுதான் மிச்சம்.
கொடிமலை ஏறினால் மூடுபனி;
மரமும் இல்லை, ஊரும் இல்லை, நானும் இல்லை.
இறங்கினோம்.
மூன்றரைக்கு நாசி கண்டார்,
எல்லாக் குழம்பும் சேர்த்து வெள்ளம் விடச் சொன்னேன்.
இடுப்பு ஊக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.
சம்பளம் அறுபது நாள் கழித்து.

செந்தூல் அடுக்குமாடியில் நடுநிசி.
மின்தூக்கி வேலை செய்யவில்லை, வழக்கம்போல.
ஆறாவது மாடியில் பையைக் கொட்டினால்
கடுகு நிற ரவிக்கையின் முதுகில்
இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறது
அந்த நீலம்.

ஒரு கிளிப்பைத் திருப்பித் தர
முந்நூற்றைம்பது கிலோமீட்டரா என்று
மனசு கணக்குப் போட்டது.
பதில் சொல்லவில்லை.

கைப்பேசி ஒளிர்ந்தது.
வெள்ளிக்கிழமை கேமரன் மலை, மூன்று மணிக்கு வேன்.
குளிரும். கம்பளி கூடாது, படத்தில் தெரியும்.

சரி என்று அனுப்பினேன்.
கொடியில் காயும் என் துண்டு காற்றில் பறக்கப் பார்த்தது.
அதற்கு வேறு கிளிப் தேடினேன்.