இரண்டு புத்தகம்

பாஸ்போர்ட்டைக் கடப்பிதழ் என்று சொல்லப்
பினாங்கு வந்துதான் பழகினேன்.

பழையதன் மூலையைச் சாலிகிராமத்தில்
கத்தரித்துத் தந்தார்கள்.
முதல் பக்கத்தில் சாய்வாக, ரத்து.
உள்ளே விசாவுக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது,
மூன்று வருஷம் ஏழு மாதம்.

புதியதில்
பசை வாசம், நான்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது
ஆயர் ஈத்தாம் கடையில்
பொட்டலத் தேயின் வாயைக் கட்டியிருந்த
சிவப்பு ரப்பர்.
கழுவியும் பால் வாசம் போகவில்லை.

பாயான் லெப்பாஸ். காலை ஐந்தே முக்கால்.
நோர்லைலா என்கிறது சட்டையில் பெயர்.
புதியதைப் புரட்டுகிறாள்:
வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
"விசா மானா?"

ரப்பரை உருவுகிறேன்.
தெறித்து அவள் பக்கம் விழுகிறது.

பழையதில் நான்
திருவேங்கடத்தின் மனைவி.
புதியதில் அந்த வரிக்கு நேரே
வெற்றிடம். விடச் சொன்னது நான்தான்.
விசா என் சம்பளத்துக்கு வந்தது,
அதற்கு அவர் பெயர் தேவைப்படவில்லை.

ஒரு விரல் பழைய முகத்தின்மேல்,
ஒரு விரல் புதியதன்மேல்,
கண் என்மேல்.
பின்னால் நிற்பவர் பெட்டியால்
என் குதிகாலை இடிக்கிறார்.

"சாமா ஓராங்?"
ஒரே ஆளா என்கிறாள்.

எண்ணைத்தான் கேட்கிறாள், பிறந்த தேதியைத்தான்.
இருந்தும் எனக்குச்
சட்டென்று மலாய் வரவில்லை,
தமிழும்.

பிறகு, "சாமா."

முத்திரை விழுந்த சத்தம்
அவ்வளவு பெரிதாக இல்லை.
குனிந்து ரப்பரை எடுத்தாள்,
இரண்டு சுற்று அவளே சுற்றித் தந்தாள்.

பழையது மேலே வந்துவிட்டது.
டாக்சி வரிசையில்தான் கவனித்தேன்.
மாற்றி வைக்கவில்லை.