பின்பக்கமாக இறங்குவது

குட்வைக்கின் முழங்கால்
ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஸ்பிரிட் வாடையோடு
செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது.
லேபிளில் பெயரை அடிக்க மறந்திருந்தார்கள்.
பதினொரு வருடம் அவருக்குள் இருந்துவிட்டு
வரைந்தவளிடமே திரும்பியிருக்கிறது.

மேலே கோபால்ட் உலோகம், இன்னும் முகம் பார்க்கலாம்.
கீழே பாலிஎத்திலீன் தட்டு.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
நடுவில் தேய்மானம் குறைவு.
முன்விளிம்பில் மட்டும் ஒரு பள்ளம்,
பழைய சோப்பில் கட்டைவிரல் பதிந்தது போல.

பெரிய வட்டத்தின் துண்டு ஒன்று
சின்ன வட்டத்தில் போய்ச் சேருமிடம்,
முப்பது டிகிரிக்குச் சற்று மேல்.
என் தாளில் அந்த ஒட்டு தெரியவேயில்லை.
எங்கள் இயந்திரம்
அதை ஐம்பது லட்சம் தடவை நடக்கவைத்தது,
சமதரையில்,
ஒரே வேகத்தில்,
மழை இல்லாமல்.

பெர்கனில் சமதரை எங்கே இருக்கிறது?
குட்வைக் மலைச்சரிவுத் தெருக்களில்
தபால் சுமந்தவர்.

கோப்பைத் திறந்தேன்.
வலி: இல்லை.
மடக்கம்: நூற்றுப் பதினெட்டு டிகிரி.
திருப்தியா? ஆம்.
வருடா வருடம் ஆம்.
எங்கள் வரைபடத்தில் அவர் ஒரு நல்ல புள்ளி.

ஆறாம் வருடப் படிவத்தின் ஓரத்தில்,
கேள்வி எதுவும் இல்லாத இடத்தில், பென்சிலால்:
"படியில் மட்டும் பின்பக்கமாக இறங்குகிறேன்.
பாதி மடக்கியதும்
தொடை என்னை விட்டுவிட்டு முன்னால் போகிறது.
மற்றபடி சௌக்கியம்."

மற்றபடி.

சாயங்காலம் அவர் தெருவுக்குப் போனேன்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி
கால்நுனியால் ஒவ்வொரு படியாகத் தேடி இறங்கினேன்.
கண்ணெதிரே ஈரக் கல், பாசி,
யாரோ வெளியில் விட்டிருந்த ரப்பர் பூட்ஸ்.
கடல் பின்னால் எங்கோ
ஒரு படகின் ஹாரனாக மட்டும் இருந்தது.
இருபதாம் படியில் தொடை நடுங்கியது.
எனக்கோ சொந்த முழங்கால்.

மேலே, குப்பைத் தொட்டியை இழுத்து வந்தவர்
என்னைப் பார்த்துக் கையசைத்தார்.
நானும் அசைத்தேன்.
"குட்வைக்கும் இப்படித்தான் இறங்குவார்,"
மழைக்கு மேல் குரலை உயர்த்தினார்.
"எங்களுக்கு டாட்டா காட்டத்தான்
திரும்பிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தோம்.
இப்போது வேறு கம்பெனி மூட்டாம்.
நேராக இறங்கிப் போய்விடுகிறார்.
திரும்பிப் பார்ப்பதே இல்லை."