அரை விரல் மணல்

காலை ஆறு மணிக்கு
ஏழு மட்டக்குதிரைகளின் லத்தியை
ஏழு பாட்டில் தண்ணீரில் கரைத்து
மதில்மேல் வைக்கிறேன்.
மேலே புல் நார் மிதக்கும்,
நடுவே கடைத் தேநீர் நிறம்,
அடியில் மெல்ல மெல்ல இறங்கும் மணல்.
கால் மணி நேரம் கழித்து
விரலை ஒட்டிவைத்து அளந்து எழுதுகிறேன்:
கலெக்டர், நகக்கண் அளவு.
சித்தாரா, அதிலும் குறைவு.
பெயர் வைக்காத குட்டி, ஒன்றுமில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
பாலாற்றை ஒட்டி நாலு ஏக்கர்.
அறக்கட்டளை போர்டில்
சிறகு வைத்த வெள்ளைக் குதிரை பறக்கிறது.
உள்ளே இருப்பவை
என் நெஞ்சு உயரம்கூட வராதவை.
வாணியம்பாடியில் ஜட்கா இழுத்தவை,
மாப்பிள்ளைகளையும் சீரியல் பல்புகளையும் சேர்த்துச் சுமந்தவை.
ஒன்று செங்கல் சூளை.
ஒன்று எங்கிருந்து என்று தெரியாது,
லாரிகளுக்கு வழிவிடாமல் பைபாஸ் நடுவில் நின்றது.
அதனால் பைபாஸ்.

கொள்ளு விலை ஏறினால்
என் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகும்.
இதில் எனக்கும் குதிரைகளுக்கும் சண்டை இல்லை.

மாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்டினால்
ஒரு குதிரைக்கு நீங்கள் பெயர் வைக்கலாம்.
சாம்பல் நிறத்தவளுக்கு இப்படி மூன்று:
அம்பத்தூர் வீட்டுக்கு ஸ்நோவி,
கோயம்புத்தூருக்கு மகாராணி,
பெங்களூர் கம்பெனிக்கு ஓர் எண்.
நாங்கள் கூப்பிட்டது பல்லி,
சதா சுவரை நக்கிக்கொண்டிருந்ததால்.
எந்தப் பெயருக்கும் அவள் திரும்பியதில்லை,
கொள்ளு வாளியின் கைப்பிடி
கிணுங்கினால் மட்டும்.

கத்திரி வெயிலில் புல் கருகி
கடித்தால் வேரோடு வந்தது.
வேரோடு ஆறும் வந்தது.
ஒரு செவ்வாய் இரவு
பல்லி படுத்தாள், எழுந்தாள், புரண்டாள்,
யாரோ அங்கே நிற்பதுபோல
தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
டாக்டர் ஹெப்சிபா ஸ்டெதஸ்கோப்பை
என் காதில் மாட்டிவிட்டார்.
அலை.
கரையை இழுத்து இழுத்துப் போடும் தண்ணீரின் சத்தம்.
"மணல் உருளுது" என்றார்.

இந்தக் கரையில் பிறந்தவள் நான்.
பாலாறு இரைந்து ஓடி
இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன்.
மூன்றாவது அன்றைக்கு.

வேலிக்கு அப்பால்
விளக்கணைத்த டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன.
முனிரத்தினம் பீடியை மிதித்துவிட்டுச் சொன்னான்:
"அவனுங்க லோடு லோடா அள்ளிக்கினு போறானுங்க,
ஒண்ணும் ஆவல.
இது ரெண்டு வாய் துண்ணுது,
இன்னா ஆச்சி பாரு."
மூன்று நாற்பதுக்கு
சத்தம் நின்றது.

அம்பத்தூரில் டிசம்பர் வரை கட்டியிருந்தார்கள்.
செயலாளர் போனில்,
"பைபாஸும் சாம்பல் நிறம்தானே?
படம் எடுத்து அனுப்பிடு" என்றார்.
ஜூன் மாதம் அனுப்பினேன்.
"ஸ்நோவி கொஞ்சம் இளைச்சிருக்கா"
என்று பதில் வந்தது.
ஜூலையில் கை வரவில்லை.
யாரையும் கேட்காமல் எழுதினேன்:
இறந்துவிட்டாள். மே மாதமே.
நான் அனுப்பிய படம் வேறொரு குதிரை.
தரையில் தீவனம் போட்டது நாங்கள்.

ஒன்பது நாள் கழித்து,
மீதிப் பணத்துக்கு
ரப்பர் பாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.
ரசீது வேண்டாம் என்றும்.
இனிமேல் கட்டுவதாக
ஒரு வரியும் இல்லை.

பாய் வந்தது. கருப்பாக,
புது டயர்போல நாறிக்கொண்டு.
வேர்க்கடலைக் கொடியை
அதன்மேல் உதறிப் போட்டேன்.
மற்றவை தின்றன.
பைபாஸ் ஒரு வாய் கவ்வி
பின்னாலேயே நடந்து
பாய் முடியும் இடம்வரை இழுத்துப்போய்
மணலில் போட்டு
நிதானமாக மென்றது,
என்னைப் பார்த்துக்கொண்டே.

இன்றைய நோட்டில்:
பைபாஸ், அரை விரல்.
நேற்றும் அதே.