அறுபத்தோராம் நாள்

ஓய்வு பெற்று வந்த அறுபதாம் நாள் இரவு
என் கை தானாக முறுக்கு பிழிந்தது.
பாதி மாவில்தான் நினைவு வந்தது:
இந்த முறை ரயில் இல்லை.

கூடத்துக்கு வந்தால்
அவர் பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கி
தூசி துடைத்துக்கொண்டிருக்கிறார்.
வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், அதன்கீழ்
நாயப் சுபேதார் ப. குழந்தைவேலு.
"பூச்சி அரிச்சிருக்குமோன்னு பார்த்தேன்" என்றார்.
உட்கார்ந்து
சூடாக முறுக்கைத் தின்றோம், இரண்டு பேரும்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்.
லீ பஜார் ஜவ்வரிசி மண்டியில்
கணக்கு எழுதுகிறவள் நான்,
கூட்டிப் பார்க்காமல் இருப்பேனா?
வருஷம் அறுபது நாள் லீவு என்று வைத்தால்
மூன்று வருஷம் ஏழு மாசம், சில்லறை.
அதற்குள் ஒரு மகள், ஒரு வீடு.
சண்டைக்கு நாள் ஒதுக்கவில்லை.
லீவில் வந்தவரோடு சண்டை போட
யாருக்கு மனசு வரும்?

இப்போது போடுகிறோம், பாக்கியெல்லாம் சேர்த்து.
போர்வை மடிப்பு நேராக இல்லை என்று.
சிலிண்டர் புக் பண்ணினதை
அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று.
நாலரைக்கு எழுந்து
ஒரு பட்டாளத்துக்கே டீ போட்டுவிட்டார் என்று.

அம்மாபேட்டை ரேஷன் கடையில்
வரிசைக்குள் நுழைந்த பையனை
இந்தியில் அதட்டிவிட்டு
அதையே தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
சர்க்கரை வாங்காமலே திரும்பி வந்தார்.

நகைக்கடைக்கு செக்யூரிட்டி கேட்டு ஆள் வந்தான்.
சீருடை அவர்களே தருவார்களாம்,
போட்டோகூடக் காட்டினான்.
"தோள்ல ஸ்டார் எதுக்குப்பா வெக்கறீங்க?"
அது மட்டும்தான் கேட்டார்.

காலை ஒன்பதுக்கு நான் கிளம்பும்போது
கேட் வரைக்கும் வந்து
டிபன் டப்பாவை நீட்டி
"எத்தனை மணிக்கு வருவ?" என்கிறார்.
அது என்னுடைய கேள்வி.
சேலம் ஜங்ஷனில்
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
வருஷா வருஷம் நான் கேட்டது.
செவ்வாய்ப்பேட்டை வரைக்கும்
பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.
இறங்கும்போது சிரிப்பு இல்லை.

போன ஞாயிறு "குளிரு வேணும்" என்றார்,
பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் கேட்கிற மாதிரி.
ஏற்காடு பஸ் ஏறினோம்.
இருபது கொண்டை ஊசிக்கும்
விரல் மடக்கிக்கொண்டே வந்தார்.
மேலே நான் ஸ்வெட்டருக்குள் நடுங்க
அவர் அரைக்கைச் சட்டையில் நின்று
"இதுக்குப் பேரு குளிரா?"
வந்த நாளிலிருந்து அப்போதுதான்
வாய்விட்டுச் சிரித்தார்.

லேடிஸ் சீட்டில் இருட்டிவிட்டது.
கீழே சேலம் மொத்தமும் விளக்கு.
கம்பித் தடுப்பில் முழங்கையை ஊன்றி
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போஸ்ட்டுல இருந்து பார்த்தா
அந்தப் பக்கத்து ஊரு இப்படித்தான் கீழ தெரியும்.
மொத்தமே பதினோரு வீடு.
எந்த வீட்ல எப்ப லைட்டு அணையுதுன்னு
ரிஜிஸ்டர்ல எழுதணும்.
ஓரத்து வீட்ல மட்டும் விடிய விடிய எரியும்.
ஒரு நாள் எரியல.
காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு,
தெரியலைன்னு எழுதினேன்.
அப்புறம் எரியவே இல்ல."

நான் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பிறகு விரலை நீட்டி அளந்தார்,
ஜங்ஷன் அது, கோட்டை இது,
அம்மாபேட்டை அப்ப அந்தப் பக்கம்.
"நம்ம வீடு எது?"
"எங்க தெரியும்? அணைச்சிட்டுத்தானே வந்தோம்."
"எழுதிக்க" என்றார்.
"ஒரு வீடு, இருட்டு.
காரணம், ஆளுங்க வெளிய போயிருக்காங்க."
கொஞ்சம் பொறுத்து,
"ரெண்டு பேரும்."

கடைசி பஸ்ஸுக்கு ஓடினோம்.
எனக்குத்தான் முதலில் இடம் கிடைத்தது.