இருக்கை எண் இல்லாதவள்

எங்களுக்குப் பன்னிரண்டு ஏ, பன்னிரண்டு பி.
நிறைமதிக்கு எண் இல்லை.
பயணச்சீட்டில் அவள் பெயருக்கு நேரே
ஒரு சின்னக் கோடு.
அந்தக் கோட்டுக்குத் தனியே
ஆயிரத்து எழுநூறு ரூபாய்.

காமலாபுரம் விமான நிலையத்தில்
கூட்டமே இல்லை. அதனால் நிதானமாகச் சோதித்தார்கள்.
காவலர் அம்மா கேழ்வரகுக் கூழ் டப்பாவைத் திறந்து
மோந்து பார்த்து
"நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க" என்றார்.
சாப்பிட்டேன்.
உப்பில்லை, இனிப்பில்லை,
ஈரச் சுவரை நக்கினாற்போல் இருந்தது.
நான்கு மாதமாக இதையா ஊட்டுகிறேன்,
"ஆ காட்டு, ஆ காட்டு" என்று அதட்டி?
நிறைமதி என்னையே பார்த்தாள்,
சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி.

சின்ன விமானம். இறக்கை தலைக்கு மேலே.
சன்னலுக்கு வெளியே சக்கரம் தெரிகிறது.
ஏறும்போது காது அடைக்கும், பால் கொடு என்று
கண்டவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.
கொடுத்தேன்.
விமானம் ஓடுபாதையில் நின்றுவிட்டது.
ஏதோ அனுமதி வரவேண்டுமாம்.
வானத்தில் குடிக்கவேண்டிய பாலைத்
தரையிலேயே குடித்து முடித்து
ஏப்பமும் விட்டாள்.
பிறகு அது எழும்பியது.
பிறகு இவள் அழுதாள்.

முன்வரிசை ஜவுளிக்காரர் சாவிக்கொத்தை நீட்டினார்.
பின்னாலிருந்து ஒரு வளையல் வந்தது.
யாரோ ஒருவர் கோழிபோலக் கூவிப் பார்த்தார்,
சட்டைப் பையில் பேனா குத்திய பெரிய மனிதர்.
எதற்கும் மசியவில்லை.

கீழே கருப்பூர் வெள்ளைக்கல் குழிகள்,
கரண்டியால் சுரண்டிய சட்டிபோல.
அப்பால் சேர்வராயன், மழை முடிந்த பச்சையில்.
ஏற்காட்டுப் பாதை அங்கங்கே அறுந்த நூல்.
அதன் ஏழாவது கொண்டை ஊசியில்
தவறாமல் வாந்தி எடுப்பவர்
என் கணவர் தணிகாசலம்.
அவர்தான் ஐதராபாத்தில்
தலைகீழாய்ச் சுற்றும் ராட்டினத்துக்கு
முன்கூட்டியே சீட்டு எடுத்திருக்கிறார்.

பூங்காவில் ஒவ்வொரு வரிசை முன்னும்
ஒரு மரக்கோமாளி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.
அவன் கை உயரம் இருந்தால்தான் ஏறலாம்.
நிறைமதியைப் பிடித்து நிறுத்தினோம்.
அவன் முழங்காலுக்கு வந்தாள்.
முழங்காலைக் கடித்தாள்.

ஆகவே முறை வைத்துக்கொண்டோம்.
அவர் ஏறினால் நான் கீழே,
நான் ஏறினால் அவர் கீழே.
மூன்று நாளும் ஒரு படத்தில்கூட
மூன்று பேராக நாங்கள் இல்லை.
நாற்பது பேர் அலறலில்
என் வீட்டு அலறலைத் தனியாகக் கேட்டேன்.

என் முறை வந்தது.
உச்சியில், உலகம் கவிழ்ந்திருந்த அந்த நொடியில்
கீழே எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது.
என்னுடையது இல்லை, குரல் தெரியும்.
ஆனாலும் மார்பு நனைந்துவிட்டது.
இறங்கியதும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு
"நல்லா இருந்துச்சு" என்றேன்.
தணிகாசலம் புதரோரம் குனிந்திருந்தார்.
இடக்கையில் குழந்தை, நேராக, ஒரு சொட்டுப் படாமல்.

திரும்பி வந்து இறங்கினோம்.
காமலாபுரத்தில் பெட்டி வரும் பட்டை
நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும்.
ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு
ஒரு நீலப் பெட்டி வந்தது, சுற்றியது,
மறுதிரைக்குள் போய் மறைந்தது.
நிறைமதி மூச்சைப் பிடித்தாள்.
பெட்டி மறுபடி வந்தது.
சிரித்தாள் பாருங்கள்,
மூன்று நாள் சேர்த்து வைத்த சிரிப்பு,
இரண்டு பல்லும் தெரிய, தோள் குலுங்க.

நீலப் பெட்டி எங்களுடையதுதான்.
எடுக்கவில்லை.
இன்னொரு சுற்று விட்டோம்.
இன்னொன்று.
ஜவுளிக்காரரின் மூட்டைகூடப் போய்விட்டது.
ஓமலூர் டாக்சிக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார்.
பட்டையை நிறுத்த வந்த பையன்
பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு
எங்களைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்,
விரலை எடுத்துத் தலையைச் சொறிந்தான்.